பெனர் கட்டினோம், கையேட்டைத் திறந்து பார்த்தோமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பல்கலைக்கழகத்தில் பிள்ளை படிக்கும் வீட்டாரும், இந்த வருடம் பிள்ளையை அனுப்ப இருக்கும் வீட்டாரும் நேரம் எடுத்து வாசியுங்கள். மற்றவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக வாசியுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்தால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சந்தியில் ஒரு பெனர், பாடசாலை மதிலில் ஒரு பெனர், டியூஷன் வாசலில் இன்னொரு பெனர். வெட்டுப்புள்ளி வெளிவந்த இரவு பாதி ஊர் தூங்காது. இசட் புள்ளியை நான்காம் தசமம் வரைக்கும் மனப்பாடமாகச் சொல்லும் உம்மாமார் நம்மிடம் இருக்கிறார்கள். கடைக்குத் தேங்காய் வாங்கப் போன இடத்திலும் "உங்கட மகளுக்கு எத்தனை? போன முறை அம்பாறைக்கு எத்தனையில வெட்டினாங்க?" என்றுதான் கதை.

இதில் பிழை ஒன்றும் இல்லை. பிள்ளை கஷ்டப்பட்டுப் படித்தது, ஊர் சந்தோஷப்படுகிறது. ஆனால் அதே பிள்ளை உள்ளே போன பிறகு, "உன் பட்டத்துக்கு மொத்தம் எத்தனை கிரெடிட் வேணும் மகன்?" என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? உள்ளே போவதற்கான கணக்கு நமக்கு அத்துப்படி. வெளியே வருவதற்கான கணக்கு எங்களுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

சில வாரங்களுக்கு முன் மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு மாணவர் வந்தார். எங்கள் பாடசாலையில் படித்தவர். அவருடைய பெயரும் சந்தியில் பெனரில் தொங்கியது. வாப்பா கடலுக்குப் போகிறவர். கையில் ஒரு ஃபைல். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"சேர், எங்கட பெட்ச் ஆக்களுக்கெல்லாம் பட்டமளிப்பு விழாக் கடிதம் வந்திட்டு. எனக்கு மட்டும் வரல்ல."

ஃபைலைத் திறந்து பெறுபேற்றுப் பத்திரத்தைப் பார்த்தோம். பாடங்கள் எல்லாம் சித்தி. புள்ளிகளும் மோசமில்லை. ஒரே ஒரு இடத்தில், முதலாம் வருடத்து ஆங்கிலப் பாடத்துக்கு நேரே, சித்தியில்லை என்று இருந்தது. ஏன் திருப்பி எழுதவில்லை என்று கேட்டோம்.

"அது ஜீ.பீ.ஏ.க்குச் சேராதாம் சேர். பரவாயில்ல, விடு என்று சீனியர்மார் சொன்னாங்க."

சீனியர்மார் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாடத்தின் புள்ளி ஜீ.பீ.ஏ.யில் சேர்வதில்லை. மறு பாதியை யாரும் சொல்லவில்லை. அந்தப் பாடத்தில் சித்தியடையாமல் பட்டம் கிடைக்காது. முதல் நாள் கையில் கொடுத்த கையேட்டில் அது ஒரு வரியில் இருக்கிறது. அந்தக் கையேடும் அதே ஃபைலில்தான் இருந்தது, புதுசாகவே.

இனி அடுத்த பெட்ச் அந்தப் பாடத்தை எழுதும்போதுதான் இவரும் எழுத வேண்டும். பெறுபேறு வர வேண்டும், சபையில் அங்கீகாரம் கிடைக்க வேண்டும். பட்டதாரி நியமனத்துக்கு விண்ணப்பம் கேட்டால், எந்தத் திகதிக்கு முன் பட்டம் செல்லுபடியாக வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள். அந்தத் திகதி இவருக்காகக் காத்திருக்காது. நான்கு வருடம் படித்த பிள்ளையை ஊரார் "இன்னும் முடிக்கல்லியா?" என்று கேட்கிறார்கள். இப்போது அவர் சந்திப் பக்கம் வருவதே குறைவு.

இவர் போன பிறகு எங்களுக்கு இன்னொரு பிள்ளையின் ஞாபகம் வந்தது. அதில் குற்றம் சீனியர்மார் மேல் இல்லை, எங்கள் மேல்தான்.

சில வருடங்களுக்கு முன் கலைப் பீடத்துக்குப் போன ஒரு மாணவி முதலாம் வருடத்தில் எங்களுக்கு ஃபோன் எடுத்தார். பாடம் கஷ்டமாக இருக்கிறது, விடுதி பிடிக்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டார். நாங்கள் பெரிய மனிதத் தோரணையில் சொன்னோம்: "முதலாம் வருஷம் பழகிறதுக்குத்தான் மகள். பாஸானாப் போதும். ரெண்டாம் வருஷத்தில இருந்து இறுக்கிப் படிங்க." அவரை ஆறுதல்படுத்திய திருப்தி எங்களுக்கு. ஆனால் அவருடைய பீடத்தில் சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுப்பது முதலாம் வருடப் பெறுபேற்றை வைத்து. அவர் விரும்பிய பாடத்தில் ஒரு குறைந்தபட்சத் தரம் வேண்டும். அவர் பாஸானார், அந்தத் தரம் வரவில்லை. விரிவுரையாளராக வர வேண்டும் என்று பத்தாம் ஆண்டில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை பொதுப் பட்டத்தோடு வந்தார். இன்றைக்கும் எங்களைக் கண்டால் ஸலாம் சொல்லிச் சிரிப்பார். அந்த ஃபோன் கதை அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, எங்களுக்கு இருக்கிறது.

ஏன் அப்படிச் சொன்னோம்? எங்களுக்குத் தெரியாது என்பதுதான் காரணம். நாங்கள் கல்வியியற் கல்லூரியில் பயின்று வந்தவர்கள். இரண்டு வருடம் கல்லூரியில், ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி. அங்கே எல்லாம் நேரசூசிப்படி. எந்தப் பாடம், எந்த நேரம், யார் வரவில்லை என்று பார்த்துச் சொல்ல ஆள் இருந்தார்கள். நாங்கள் தெரிவு செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. பல்கலைக்கழகம் அப்படி இல்லை. அங்கே பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளையின் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்து, பாடத்தைத் தெரிவு செய் என்கிறார்கள். அந்தப் படிவத்தில் போடும் ஒரு சரி அடையாளம் நான்கு வருடத்தைத் தீர்மானிக்கிறது. நாங்கள் போகாத பாதைக்கு நாங்கள் வழி சொன்னோம்.

அதற்குப் பிறகு எங்கள் மாணவர்களின் கையேடுகளை வாங்கி வாசிக்கத் தொடங்கினோம். விளங்காததைப் பட்டம் முடித்த பழைய மாணவர்களிடம் கேட்டோம். அதில் எல்லா வீட்டுக்கும் தெரிய வேண்டியதை மட்டும் கீழே தருகிறோம். பீடத்துக்குப் பீடம் விதி மாறும். ஆகவே இதைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளையின் கையேட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலாவது, கிரெடிட். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்குக் குறைந்தது 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். வருடத்துக்கு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால வேலை. அதில் விரிவுரை வழக்கமாக 15 மணித்தியாலம்தான். மிச்சம் பிள்ளை தானாகப் படிக்க வேண்டியது. "கெம்பஸில கிழமைக்குக் கொஞ்ச நேரம்தான் லெக்சர், மிச்ச நேரம் சும்மாதான்" என்று நாம் நினைக்கிறோமே, அந்தச் சும்மா இருக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் கிரெடிட் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, வரவு. அநேகமான பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 45 மணித்தியாலம். அதில் 80 வீதம் 36. அதாவது 9 மணித்தியாலம் மட்டுமே தவறலாம். கிழமைக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மூன்று கிழமை. மூத்தாப்பா மௌத்து ஒரு கிழமை, ராத்தாட கலியாணம் ஒரு கிழமை, காய்ச்சல் ஒரு கிழமை. முடிந்தது. அதற்குப் பிறகு மச்சானின் வீடு குடிபுகும் விருந்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் பேராதனையிலிருந்தும் பிள்ளையை "ரெண்டு நாளைக்கு வந்திட்டுப் போ" என்று கூப்பிடுகிறோமே, அந்த இரண்டு நாளின் விலையைப் பிள்ளை நமக்குச் சொல்வதில்லை. உம்மாவின் மனம் நோகும் என்று பஸ் ஏறி வருகிறது.

மூன்றாவது, ஜீ.பீ.ஏ. இது சும்மா சராசரி இல்லை, கிரெடிட்டால் பெருக்கிப் பார்க்கும் சராசரி. ஒரு உதாரணம். ஒரு பிள்ளைக்கு மூன்று பாடம். இரண்டு பாடம் மூன்று மூன்று கிரெடிட், ஒன்று இரண்டு கிரெடிட். மொத்தம் எட்டு. பெறுபேறு ஒரு ஏ, ஒரு பி, ஒரு சி. ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2. ஏ வந்தது மூன்று கிரெடிட் பாடத்திலும் சி வந்தது இரண்டு கிரெடிட் பாடத்திலும் என்றால், 12, 9, 4 கூட்டி 25. எட்டால் பிரித்தால் 3.125. இதுவே ஏ இரண்டு கிரெடிட் பாடத்திலும் சி மூன்று கிரெடிட் பாடத்திலும் வந்திருந்தால், 8, 9, 6 கூட்டி 23. எட்டால் பிரித்தால் 2.875. அதே ஏ, அதே பி, அதே சி. ஒன்று 3க்கு மேல், மற்றது 3க்குக் கீழ். அநேகமான பீடங்களில் முதலாம் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு 3.30, கீழ்நிலைக்கு 3.00 வேண்டும். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று இந்தக் கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு விளங்கும். தெரியாத பிள்ளை எல்லாவற்றையும் கடைசிக் கிழமையில் ஒரே மாதிரிப் படிக்கும்.

நான்காவது, மீள்பரீட்சை. "இந்த முறை விட்டிட்டு அடுத்த முறை நல்லா எழுதுறன்" என்று பிள்ளைகள் சொல்வது உயர்தரத்தில் பழகிய பழக்கம். அங்கே மூன்று முறை எழுதலாம், நல்ல பெறுபேற்றை எடுத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தில் அநேகமான பீடங்களில் மீள எழுதும் பாடத்துக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஆகக் கூடியது சிதான். சுகமில்லாமல் எழுத முடியாமல் போனால் மருத்துவச் சான்றிதழ் கொடுக்கலாம், ஏற்றுக்கொண்டால் முதல் முறையாகவே கணக்கெடுப்பார்கள். ஆனால் அதை எத்தனை நாளைக்குள், யாருடைய கையெழுத்தோடு, எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. காய்ச்சல் மாறி ஊரில் ஓய்வெடுத்து ஆறுதலாகப் போய்க் கொடுத்தால் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிடுவார்கள்.

ஐந்தாவது, பொதுவா சிறப்பா என்ற தெரிவு. பொதுப் பட்டம் குறைந்த பட்டம் என்று நாங்கள் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் முடித்து வீட்டைப் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு அதுதான் சரியாக இருக்கலாம். பல அரச நியமனங்களுக்கு அது போதும். ஆனால் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி போன்ற சில கதவுகள் சிறப்புப் பட்டத்துக்கும் நல்ல வகுப்புக்கும்தான் திறக்கும். கலைப் பீடங்களில் ஒரு பாடத்தை முதலாம் வருடத்தில் எடுக்காவிட்டால் பிறகு அதில் சிறப்புச் செய்ய முடியாமல் போவது வழமை. எதுவாக இருந்தாலும் பிள்ளை தெரிந்து தெரிவு செய்ய வேண்டும். இரண்டாம் வருடம் அறிவித்தல் பலகையில் பெயர் இல்லாததைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இதையெல்லாம் ஒரு பிள்ளை தனியாக விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை. அதற்காகவே பீடங்களில் கல்வி ஆலோசகர், மாணவர் ஆலோசகர் என்று விரிவுரையாளர்களை நியமித்திருக்கிறார்கள். பாடத் தெரிவுக்கும் பெறுபேற்றுச் சிக்கலுக்கும் கல்வி ஆலோசகர் அல்லது துறைத் தலைவர். வீட்டுக் கஷ்டம், விடுதிப் பிரச்சினை, மனக் கஷ்டம் என்றால் மாணவர் ஆலோசகர். விதி சம்பந்தமான கேள்விக்குப் பீடாதிபதி அலுவலகம். இது தயவு கேட்பது இல்லை. நேரசூசியில் விரிவுரை எப்படியோ, இதுவும் அப்படித்தான்.

பிறகு ஏன் நம் பிள்ளைகள் போவதில்லை? கேட்டுப் பார்த்தோம். ஒருவர் சொன்னார், ஆங்கிலத்தில் கதைக்க வேண்டி வரும் என்று பயம். ஒரு மாணவி சொன்னார், தனியாக ஒரு சேரின் அறைக்குப் போவது சங்கடம். இன்னொருவர் சொன்னது எங்களை யோசிக்க வைத்தது. பகிடிவதைக் காலத்தில் முதலாம் வருடத்துப் பிள்ளை விரிவுரையாளரின் அறைப் பக்கம் போனால், காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று சீனியர்மார் சந்தேகப்படுவார்களாம். பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பயம் இன்னும் பிள்ளையின் காலைக் கட்டுகிறது. பாடம் தெரிவு செய்வதும் சிறப்புப் பட்டத்துக்கு ஓடத் தொடங்க வேண்டியதும் அதே முதல் மாதங்களில்தான். ஆலோசனை ஆகத் தேவைப்படும் காலத்தில்தான் ஆலோசகரிடம் போக ஆகப் பயம்.

அந்த இடத்தை நிரப்புவது சீனியர். நல்ல சீனியர்மார் இருக்கிறார்கள், அவர்களை மறுக்கவில்லை. ஆனால் பாடத்திட்டம் திருத்தப்பட்டால் விதி பெட்ச்சுக்குப் பெட்ச் மாறும். சீனியர் சொல்வது அவருடைய பெட்ச்சின் விதி. உங்கள் பெட்ச்சின் விதி உங்கள் கையேட்டில்தான் இருக்கிறது.

பல்கலைக்கழகங்களின் பக்கத்திலும் குறை உண்டு. தமிழ் மொழியில் படித்து வந்த பிள்ளைக்குக் கனத்த ஆங்கிலத்தில் கையேட்டைக் கொடுத்து, ஒரு நாள் காலையில் மண்டபத்தில் வைத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டால் அது ஆலோசனை ஆகாது. ஆலோசகரின் பெயர் பட்டியலில் மட்டும் இருந்து, கதவு எப்போதும் பூட்டியிருந்தால் பிள்ளை என்ன செய்யும்? ஆபத்தில் உள்ள பிள்ளையை முதலாம் வருட முடிவிலேயே கூப்பிட்டு, "உனக்கு இது குறைகிறது" என்று சொல்ல ஒரு ஒழுங்கு வேண்டும். இதைப் படிக்கும் நம் ஊர் விரிவுரையாளர்கள் தங்கள் பீடங்களில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம்.

"இருபது வயது ஆள், அவன்தான் பார்க்கணும், கெம்பஸ் பிள்ளைக்கும் சோறு ஊட்டுறதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொறுப்பு பிள்ளையுடையதுதான். ஆனால் வீட்டில் ஒரு வாப்பாவோ மாமாவோ பட்டதாரியாக இருக்கும் பிள்ளைக்கு இந்தச் சங்கதிகள் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகின்றன. வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அந்த மேசை இல்லை. நாங்கள் கேட்பது அந்த மேசையை ஊர் போட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைத்தான்.

செலவு இல்லாத சில காரியங்கள். இந்த வருடம் தெரிவாகும் பிள்ளைகளை, பல்கலைக்கழகம் தொடங்க முன் ஒரு பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் கூட்டுவோம். ஒவ்வொரு பீடத்திலும் படித்து முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், வந்து கையேட்டை வரி வரியாக வாசித்துக் காட்டட்டும். ஆங்கிலம் கற்பிக்கும் நாங்கள் பக்கத்தில் இருப்போம். விதியில் 'ஷல்' என்று வந்தால் கட்டாயம், 'மே' என்று வந்தால் அவர்கள் விரும்பினால் தரலாம். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி விதி விளங்கும். பெண் பிள்ளைகள் ஆலோசகரிடம் தோழி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம், பெண் விரிவுரையாளரைக் கேட்கலாம். கதைக்கத் தயக்கம் என்றால் மின்னஞ்சல் எழுதலாம். எழுதிக் கேட்டு எழுத்தில் வாங்கிய பதில் பிறகும் கையில் இருக்கும்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு செமிஸ்டர் முடிவிலும் பிள்ளையிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இதுவரை எத்தனை கிரெடிட் முடிந்தது? ஏதாவது பாடம் சித்தியில்லாமல் மிச்சம் இருக்கிறதா, ஜீ.பீ.ஏ.க்குச் சேராத பாடம் உட்பட? ஜீ.பீ.ஏ. எத்தனை, உனக்கு எத்தனை வேண்டும்? உன் ஆலோசகரின் பெயர் என்ன, கடைசியாக எப்போது சந்தித்தாய்? நீங்கள் படித்திருக்கத் தேவையில்லை. இசட் புள்ளியைப் படித்தா தெரிந்துகொண்டீர்கள்? பிள்ளை மேல் உள்ள அக்கறையில் தெரிந்துகொண்டீர்கள். இதுவும் அதே அக்கறைதான்.

ஏசுவதற்காகக் கேட்காதீர்கள். பிள்ளை மறைப்பது ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தால். பெனரில் பெயர் போட்ட ஊரிடம் ஒரு பாடம் தவறியதைச் சொல்வது லேசான காரியம் இல்லை.

அந்த ஃபைலோடு வந்த மாணவர் இப்போது அந்த ஆங்கிலப் பாடத்துக்குப் படிக்கிறார். கிழமையில் இரண்டு நாள் இஷாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிறார். முதல் நாள் உட்காராதவர் இப்போது உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் எழுதுகிறார். அவருக்குத் துஆச் செய்யுங்கள். பெயர் கேட்காதீர்கள்.

அடுத்த பெறுபேறு வரும்போது பெனர் கட்டுவோம், கட்டத்தான் வேண்டும். கட்டிய மறு கிழமையே கையேட்டையும் திறப்போம். மண்டபத்தைத் திறந்து தர அதிபர் சம்மதித்திருக்கிறார். பட்டம் முடித்தவர்களில் யார் யார் வந்து உதவ முடியும் என்று, எந்தப் பீடம் என்பதோடு, இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக.